பத்து வருஷக் காத்திருப்புப் பட்டியல், ஒரே ஒரு காலி நிலம்: எங்கள் ஊர் ஏர்போர்ட்டில் எந்த ஹேங்கர் கட்டலாம்?

நார்த்டெக்சாஸ்172 (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாலஸுக்கு வடக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. ஏர்போர்ட் சிட்டிக்கு, அதாவது நகராட்சிக்குச் சொந்தம். ஒரே ஓடுபாதை, டவர் கிடையாது. விவகாரம் இன்னும் கவுன்சிலில் இருப்பதால் ஊர்ப் பெயர் வேண்டாம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு செஸ்னா 172 சின்ன விமானம் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. ஆறு வருஷமும் அது ராம்ப்பில், அதாவது திறந்தவெளி நிறுத்துமிடத்தில், கயிறு கட்டித்தான் நிற்கிறது. போன ஏப்ரலில் ஆலங்கட்டி அடித்துவிட்டுப் போனது. இறக்கையின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினால் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாகத் தட்டுப்படும். இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

ஹேங்கர் என்றால் விமானக் கொட்டகை. இருக்கிற 24 டி-ஹேங்கரும் நிரம்பிவிட்டன. காத்திருப்புப் பட்டியலில் 61 பெயர்கள். எங்கள் முறை வரப் பத்து வருஷம் ஆகலாம் என்கிறார்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், சிட்டி இப்போது மேற்குப் பக்கக் காலி நிலத்தில் ஹேங்கர் கட்ட முடிவு செய்திருக்கிறது. என்னையும் ஏர்போர்ட் ஆலோசனைக் குழுவில் போட்டிருக்கிறார்கள். கன்சல்டன்ட் இரண்டு வரைபடம் கொடுத்திருக்கிறார்.

ஒன்று: மூன்று வரிசை டி-ஹேங்கர், வரிசைக்குப் பத்து. சிட்டியே கட்டி வாடகைக்கு விடும்.

இன்னொன்று: 100க்கு 100 அடியில் நான்கு பாக்ஸ் ஹேங்கர், ஒன்றோடொன்று ஒட்டினாற்போல. தனியார் ஒருவர் 40 வருஷக் குத்தகைக்கு நிலத்தை எடுத்துத் தன் காசில் கட்டுவார். ஜெட் வரும், எரிபொருள் விற்பனை கூடும் என்கிறார்கள்.

அடுத்த மாதம் குழுவில் ஓட்டெடுப்பு. நான் முதல் வரைபடத்தின் பக்கம். ஆனால் எனக்கு வேண்டும் என்பதற்காகக் கை தூக்கிவிடக் கூடாது என்று மனசு சொல்கிறது. இந்த வேலையில் இருப்பவர்கள் என்னென்ன கேள்வி கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.

புதியவன்_திருச்சி

நான் ஏரோநாட்டிகல் மாணவன். டி-ஹேங்கர், பாக்ஸ் ஹேங்கர் வித்தியாசத்தை ஒரு வரியில் சொல்ல முடியுமா அண்ணா?

நார்த்டெக்சாஸ்172

விமானத்தை மேலிருந்து பார்த்தால் ஆங்கில டி எழுத்து மாதிரி இருக்கும் இல்லையா தம்பி, அதே வடிவத்தில் அறை. இறக்கை நிற்கும் இடம் அகலம், வால் நிற்கும் இடம் குறுகல். முதுகோடு முதுகாக அடுக்கும்போது உன் வாலுக்குப் பக்கத்தில் பின்வீட்டுக்காரரின் வால் வந்து புகுந்துகொள்ளும். இடம் வீணாகாது. பாக்ஸ் என்பது வெறும் சதுரக் கொட்டகை. உள்ளே எதை வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

கோவில்பட்டிக்காரன்

நான் சிவில் இன்ஜினியர். இருபது வருஷமாக டெக்சாஸில் சின்ன ஏர்போர்ட்டுகளுக்குத் தரைவேலை பார்க்கிறேன். தம்பி, நீங்கள் கூரையிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். கூரை கடைசியில் வரட்டும். ஹேங்கர் கட்டடம் அட்டவணையைப் பார்த்து ஆர்டர் போடுகிற சாமான், லாரியில் வந்து இறங்கிவிடும். காசைத் தின்பதும் காலத்தைத் தின்பதும் அதைச் சுற்றியிருக்கிற தரைதான்.

முதலில் டாக்ஸிலேன், அதாவது ஹேங்கர் வாசலுக்குப் போகும் சந்து. அதன் இருபுறமும் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) ஓர் அகலம் வைத்திருக்கிறது. இறக்கை 49 அடிக்குக் குறைவான விமானங்களுக்கு அது 79 அடி. உங்கள் 172க்கு 36 அடி, சிரஸ் எஸ்.ஆர்.22க்கு 38 அடி 4 அங்குலம், எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கிவிடும். பிலாட்டஸ் பி.சி.12 வந்தால் இறக்கை 53 அடி 4 அங்குலம், அடுத்த வகுப்புக்குப் போய்விடும், சந்து 110 அடி வேண்டும். 31 அடி வித்தியாசம். 300 அடி நீள வரிசைக்கு அதுவே 9,300 சதுர அடி நிலம். "டி-ஹேங்கரும் வேண்டும், பெரிய விமானமும் அதே வழியில் போகட்டும்" என்று குழுவில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கை எடுத்து மேசையில் போடுங்கள்.

அடுத்தது உயரம். ஓடுபாதையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு தொட்டி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதையின் இருபுறமும் ஒரு தட்டையான பட்டை. அந்தப் பட்டை முடிகிற இடத்திலிருந்து 7 அடி விலகினால் 1 அடி உயரலாம். கருவிகளின் துணையோடு இறங்கும் ஜி.பி.எஸ். அப்ரோச் உள்ள சின்ன ஓடுபாதைக்குப் பட்டையின் அகலம் 500 அடி, நடுக்கோட்டிலிருந்து 250. கண்ணால் மட்டும் பார்த்து இறங்கும் சின்ன ஓடுபாதைக்கு 250தான், நடுக்கோட்டிலிருந்து 125. உங்கள் கட்டடம் 20 அடி உயரம் என்றால் 20 × 7 = 140, அதோடு 250. ஆக 390 அடிக்கு அப்பால்தான் நிற்க வேண்டும். தரை ஓடுபாதையின் மட்டத்தில் இருந்தால் இந்தக் கணக்கு, மேடு பள்ளம் இருந்தால் மாறும்.

வரைபடத்தில் ஸ்கேல் வைத்து நீங்களே அளந்து பாருங்கள். அளந்துவிட்டு வாருங்கள், மண்ணைப் பற்றிப் பேசுவோம்.

ஸ்பேனர்

கோவில்பட்டி அண்ணாச்சி சொன்னதை வழிமொழிகிறேன். நான் மெக்கானிக். ஆலங்கட்டி அடித்த விமானத்தின் எய்லரானை (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) யாரிடமாவது காட்டினீர்களா? இறக்கையில் குழி விழுந்தால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான் பெரும்பாலும். எய்லரானிலும், வாலில் அசையும் எலிவேட்டரிலும் விழுந்தால் அதை வல்லவர் ஒருவர் கையால் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். தள்ளிப் போடாதீர்கள்.

நார்த்டெக்சாஸ்172

காட்டிவிட்டோம் அண்ணா. இடது எய்லரானை மாற்றி, பேலன்ஸ் பார்த்துத்தான் பறக்கவிட்டார்கள். அக்கறைக்கு நன்றி.

அண்ணாச்சி, அளந்தேன். கை நடுங்குகிறது. பாக்ஸ் ஹேங்கரின் முகப்பு நடுக்கோட்டிலிருந்து 420 அடியில் இருக்கிறது. முகப்பு உயரம் 30 அடி என்று போட்டிருக்கிறார்கள். 30 × 7 = 210, அதோடு 250, ஆக 460. நாற்பது அடி குறைகிறதே! நான்தான் தப்பாக அளக்கிறேனா?

கோவில்பட்டிக்காரன்

உங்கள் ஓடுபாதைக்கு ஜி.பி.எஸ். அப்ரோச் எப்போது வந்தது? கன்சல்டன்ட் எந்த வருஷத்து லேஅவுட் பிளானை அடியில் வைத்து வரைந்திருக்கிறார் என்று பாருங்கள்.

நார்த்டெக்சாஸ்172

பார்த்துவிட்டேன். அப்ரோச் வருவதற்கு முந்தைய பிளான். அதில் பட்டை 250 அடி என்றுதான் இருக்கிறது.

கோவில்பட்டிக்காரன்

அதுதான் விஷயம். பழைய கணக்கில் 125 + 210 = 335, தாராளமாகத் தேறும். புதிய கணக்கில் கூரை கிட்டத்தட்ட 6 அடி மேலே குத்துகிறது. இதனால் கட்டவே முடியாது என்று அர்த்தமில்லை. கட்டுமானம் தொடங்க 45 நாளாவது முன்பு 7460-1 படிவம் போட வேண்டும், எஃப்.ஏ.ஏ. ஆராய்ந்து பதில் சொல்லும். சிவப்பு விளக்கு வைத்தால் போதும் என்றும் சொல்லலாம், அப்ரோச்சின் குறைந்தபட்ச உயரத்தை ஏற்ற வேண்டும் என்றும் சொல்லலாம். இரண்டாவது நடந்தால் மேகம் தாழ்ந்த நாளில் உங்கள் ஊரில் எல்லோருக்கும் நஷ்டம். கட்டடத்தை நாற்பது அடி பின்னால் தள்ளுவது இப்போது பென்சில் வேலை. குத்தகை கையெழுத்தான பிறகு வக்கீல் வேலை.

அந்த கன்சல்டன்ட்டைப் பொதுக்கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்காதீர்கள். முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லுங்கள். திருத்திக் கொடுப்பார்.

கணக்குப்பிள்ளை

இன்னொரு டெக்சாஸ் ஊரில் சிட்டி நிதிப் பிரிவில் இருக்கிறேன். பணப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன்.

தேசிய ஏர்போர்ட் திட்டப் பட்டியலில் உங்கள் ஏர்போர்ட் இருந்தால், இந்த மாதிரிச் சின்ன ஏர்போர்ட்டுக்கு வருஷத்துக்கு அதிகபட்சம் 1,50,000 டாலர் ஒதுக்கீடு உண்டு. நான்கு வருஷத்தைச் சேர்த்து வைத்து 6,00,000 வரை பயன்படுத்தலாம். டெக்சாஸ் பிளாக் கிராண்ட் மாநிலம், அதாவது ஃபெடரல் காசை மாநிலமே பிரித்துக் கொடுக்கும் என்பதால் நீங்கள் மாநிலப் போக்குவரத்துத் துறையின் விமானப் பிரிவிடம்தான் போக வேண்டும். வருமானம் தரும் ஹேங்கருக்கும் இந்தக் காசைத் தொடலாம், ஆனால் ஓடுபாதை, டாக்ஸிவே, விளக்கு எல்லாம் முதலில் ஒழுங்காக இருக்க வேண்டும். ஓடுபாதையில் வெடிப்பு இருக்கும்போது ஹேங்கருக்குக் காசு கேட்டால் தரமாட்டார்கள். என் அனுபவத்தில் புத்திசாலியான வழி, அந்தக் காசில் டாக்ஸிலேனையும் வடிகாலையும் போட்டுவிட்டு, கட்டடத்தை சிட்டி தன் கடனில் கட்டி, வாடகையிலிருந்து அடைப்பது.

ஒன்றை நன்றாக மனசில் வையுங்கள். ஃபெடரல் காசை வாங்கும்போது ஒரு நீண்ட உறுதிமொழிப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறோம். அதில் 24ஆவது, ஏர்போர்ட் முடிந்தவரை தன் காலில் நிற்கும்படி வாடகை வைக்க வேண்டும் என்கிறது. 25ஆவது, ஏர்போர்ட்டில் வந்த பணம் ஏர்போர்ட்டுக்குள்ளேயே செலவாக வேண்டும் என்கிறது. "பைலட்டுகள் எல்லாம் பணக்காரர்கள், ஹேங்கர் வாடகையில் பூங்கா கட்டலாம்" என்று கவுன்சிலர் யாராவது சொன்னால் முடியாது என்று சொல்ல உங்களுக்குச் சட்டம் இருக்கிறது. "சொந்த ஊர்க்காரருக்குச் சும்மா தரலாம்" என்றாலும் முடியாது.

இப்போது அந்த 40 வருஷக் குத்தகை. முடிந்ததும் கட்டடம் யாருக்கு? ஒப்பந்தத்தில் சிட்டிக்கே திரும்பும் என்று எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் எந்த நிலையில் திரும்பும்? 40 வருஷம் பழகிய தகரக் கொட்டகை, துருப்பிடித்த கதவு, ஓட்டைக் கூரையோடு வந்து கையில் விழுந்தால் அது சொத்தா, சுமையா? கடைசி பத்து வருஷத்தில் குத்தகைக்காரர் ஒரு டப்பா பெயின்ட் கூட வாங்கமாட்டார். பராமரிப்பை வருஷாவருஷம் போய்ப் பார்க்க சிட்டிக்கு உரிமை வேண்டும், கூரையையும் கதவையும் இத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற ஷரத்தும் வேண்டும். காலத்தைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. 50 வருஷத்தைத் தாண்டினால் அதை நிலத்தை விற்றதாகவே எஃப்.ஏ.ஏ. பார்க்கலாம்.

40 வேண்டாம். 30 வைத்து, நன்றாக நடத்தினால் 5 + 5 நீட்டிப்பு கொடுங்கள். கட்டுகிறவரின் வங்கியும் ஒப்புக்கொள்ளும், சிட்டிக்கும் பிடி இருக்கும்.

ஸ்பேனர்

61 பேர் பட்டியல் என்றீர்கள். அதை முதலில் சலித்துப் பாருங்கள். நான் வேலை செய்த ஓர் ஏர்போர்ட்டில் ஒவ்வொருவருக்கும் கடிதம் போட்டு, "இன்னும் வேண்டுமானால் திருப்பித் தரக்கூடிய முன்பணம் கட்டுங்கள்" என்றார்கள். பாதிப் பட்டியல் கரைந்துபோனது. விமானத்தை விற்றவர், ஊர் மாறியவர், நான்கு ஏர்போர்ட்டில் பெயர் கொடுத்து வைத்தவர், தவறிப்போனவர்கூட இருந்தார்.

இன்னொரு காரியம். இருக்கிற 24 ஹேங்கரின் கதவைத் திறந்து பாருங்கள். அதே ஏர்போர்ட்டில் நான் ஒரு பழுதுக்குப் போனபோது பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு மீன்பிடிப் படகு, அதன்மேல் கிறிஸ்துமஸ் மரப் பெட்டிகள், மூலையில் ஒரு பழைய சோபா. விமானம் எங்கே என்று கேட்டேன். "அது ராம்ப்பில் நிற்கிறது, இங்கே இடமில்லை" என்றார் மனிதர். வெளியே மழையில் நனைந்துகொண்டிருந்தது.

2017 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் எஃப்.ஏ.ஏ. விதிப்படி ஹேங்கரின் முதன்மைப் பயன் விமானமாகத்தான் இருக்க வேண்டும். விமானத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக ஒரு சைக்கிள், ஒரு நாற்காலி இருந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர் பாதி இறக்கையோடு உட்கார்ந்திருந்தால் அதுவும் விமானப் பயன்தான், அவரைத் தொந்தரவு பண்ணாதீர்கள். படகை மட்டும் வெளியே அனுப்புங்கள். ஒரு செங்கல்கூட வைக்காமல் நாலைந்து அறை கிடைக்கும்.

வேலியோரம்

நான் பைலட் இல்லை. தம்பி மகன் இந்த இழையை அனுப்பினான், முழுக்கப் படித்தேன். நாங்கள் இருப்பது வேறு மாநிலம், வேறு ஏர்போர்ட். வேலிக்கும் எங்கள் பின்வாசலுக்கும் நடுவில் இரண்டே தெரு.

ஏழு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் இதே பேச்சு நடந்தது. "வெறும் கட்டடம்தானே, விமானம் வெளியே நிற்பதற்குப் பதில் உள்ளே நிற்கப் போகிறது" என்றார்கள். நம்பினோம். பெரிய ஹேங்கர் வந்தது, அதன் பின்னால் ஜெட் வந்தது. காலை ஐந்து மணிக்கு என்ஜின் போடுவார்கள். அம்மா படுத்த படுக்கையாக இருந்த வருஷம் அது. அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்து, என்ன ஏது என்று புரியாமல் என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

உங்கள் விமானத்துக்கு ஆலங்கட்டி அடித்தது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இவ்வளவு நேரம் அடி, அங்குலம், டாலர் எல்லாம் பேசினீர்கள், வேலிக்கு வெளியே இருப்பவர்களை ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்தப் பெட்ரோலில் ஈயம் இருக்கிறதாமே, அது உண்மையா?

சான்ஹோசே_பறவை

உண்மை அக்கா. சின்னப் பிஸ்டன் விமானங்களுக்கு விற்கும் 100எல்எல் பெட்ரோலில் ஒரு காலனுக்கு 2.12 கிராம் வரை ஈயம் இருக்கலாம். நான் பறக்கக் கற்றது சான் ஹோசேயின் ரீட்-ஹில்வியூ ஏர்போர்ட்டில். 2021இல் சாண்டா கிளாரா கவுண்டி ஓர் ஆய்வு வெளியிட்டது. ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் வாழும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈய அளவு தள்ளி வாழ்பவர்களைவிட அதிகம் என்று வந்தது. 2022 ஜனவரி 1 முதல் கவுண்டி அங்கே ஈயப் பெட்ரோல் விற்பதை நிறுத்திவிட்டது. அந்தத் தெருக்களில் பெரும்பாலும் உழைக்கும் மக்கள். தலைக்கு மேலே நான்தான் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

172 தம்பிக்கு: 2024ஆம் ஆண்டு ஃபெடரல் சட்டப்படி, 2022இல் 100எல்எல் விற்ற ஏர்போர்ட் அதைத் திடீரென்று நிறுத்த முடியாது. 2030 முடிவு வரை, அல்லது பொருத்தமான ஈயமில்லாப் பெட்ரோல் கிடைக்கும் வரை, விற்க வேண்டும். ஆனால் இரண்டாவது தொட்டி வைக்க யாரும் தடை சொல்லவில்லை. குறைந்த கம்ப்ரெஷன் என்ஜின் உள்ள பழைய 172கள் அதற்கான அனுமதிக் காகிதம் வாங்கிக்கொண்டால் 94 ஆக்டேன் ஈயமில்லாப் பெட்ரோலில் ஓடும். சிரஸ் 22 மாதிரி அதிகக் கம்ப்ரெஷன் என்ஜினுக்கு அது போதாது. நிலத்தைத் தோண்டிக் குழாய் போடுகிற நேரத்திலேயே இரண்டாவது தொட்டிக்கும் இடம் விட்டுவையுங்கள்.

அப்புறம் அக்கா சொன்ன ஜெட் விஷயம். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஃபெடரல் காசு வாங்கிய ஏர்போர்ட், வந்து இறங்கும் ஜெட்டை "நீ வராதே" என்று பிற்பாடு சொல்ல முடியாது. சாண்டா மோனிகா 2008இல் வேகமான ஜெட் வகைகளைத் தடை செய்து சட்டம் போட்டது. எஃப்.ஏ.ஏ. எதிர்த்தது, 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சிட்டி தோற்றது. 2017 ஜனவரியில் போட்ட ஒப்பந்தப்படி 2028 முடியும்வரை ஏர்போர்ட்டை நடத்தியே ஆக வேண்டும், அதற்குப் பிறகுதான் மூடலாம் என்று முடிந்தது. ஓடுபாதையை மட்டும் 4,973 அடியிலிருந்து 3,500 அடியாகச் சுருக்க அனுமதி கிடைத்தது.

பிறகு மறுக்க முடியாது என்றால் இப்போது யோசிக்க வேண்டும். சிட்டி எந்த அளவுக் கதவு கட்டுகிறது என்பது திட்டமிடும் கட்டத்தில் சிட்டியின் கையில்தான் இருக்கிறது. ஓடுபாதையில் இறங்கிவிட்டுப் போகும் ஜெட் வேறு, குடியிருக்கும் ஜெட் வேறு. 42 அடிக் கதவு வைத்த டி-ஹேங்கரில் பெரிய ஜெட் குடியிருக்காது.

வேலியோரம்

நன்றி தம்பி. இதை எங்களுக்கு அன்றைக்கு யாரும் இப்படிச் சொல்லவில்லை.

நார்த்டெக்சாஸ்172

அக்கா, உங்கள் பதிவை நான்கு முறை படித்தேன். கிழக்குப் பக்கம் எங்களுக்கும் ஒரு குடியிருப்பு இருக்கிறது. அவர்களுக்கு இதுவரை ஒரு நோட்டீஸ் கூடப் போகவில்லை என்று இன்றுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கூட்டத்துக்கு முன்னால் வீடு வீடாகப் போய்ச் சொல்லப் போகிறேன். பைலட்டாகப் போகமாட்டேன், குழு உறுப்பினராகப் போகிறேன்.

கணக்குப்பிள்ளை

நல்லது. நம் பகுதியில் வோட்டர்கள் ஏர்போர்ட் செலவைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மெக்கினியில் பயணிகள் முனையத்துக்காக 200 மில்லியன் டாலர் கடன் பத்திரத்தை 2023 மே மாதம் ஓட்டுக்கு விட்டார்கள், மக்கள் நிராகரித்துவிட்டார்கள். உங்கள் திட்டம் அதில் துளி அளவு கூட இருக்காது. ஆனாலும் "எங்களிடம் சொல்லவே இல்லை" என்ற கோபம் வந்துவிட்டால் துளியும் போய்விடும்.

ஸ்பேனர்

என் தொழில் சார்பாக மூன்று வேண்டுகோள்.

வாசல் சரிவு. காலி 172ஐ இழுகம்பி போட்டு ஒரு ஆள் நகர்த்திவிடலாம், தரை மட்டமாக இருந்தால். மழைநீர் உள்ளே வரக் கூடாது என்று வாசலில் சட்டென்று ஏற்றம் வைத்துவிடுவார்கள். அந்த ஏற்றத்தில் அறுபது வயதுக்காரர் ஒருவர் தன் செரோக்கி விமானத்தைத் தள்ள முடியாமல், ஓடி வந்து வேகம் கொடுத்துத் தள்ளி, வலது இறக்கை நுனி கதவுத் தூணில் இடித்ததைப் பார்த்திருக்கிறேன். பச்சை விளக்கின் கண்ணாடி சிமென்டில் சிதறிக் கிடந்தது. ஏற்றத்துக்குப் பதிலாக வாசலுக்கு முன்னால் நீள வடிகாலும் அதன்மேல் இரும்புச் சல்லடையும் போடச் சொல்லுங்கள்.

கதவகலம். 40 அடிக் கதவில் சிரஸ் 22 நுழையும்போது பக்கத்துக்குப் பத்து அங்குலம்தான் மிஞ்சும். 42 போட்டால் மூச்சு விடலாம். இரண்டு அடிக் கஞ்சத்தனம் வேண்டாம்.

கடைசியாக, எங்களுக்கு ஓர் இடம். ஹேங்கர் கட்டுவார்கள், விமானம் வரும், பார்க்க ஆள் இருக்காது. சின்ன பிஸ்டன் விமானத்துக்கு மெக்கானிக் கிடைப்பதே இப்போது குதிரைக்கொம்பு. வரிசையின் ஒரு முனையில் மின்சாரம், கம்ப்ரெஸர், நல்ல வெளிச்சத்தோடு 60க்கு 60இல் ஒரே ஒரு பழுதுக்கூடம் விடுங்கள். ஏர்போர்ட் உயிரோடு இருக்கும்.

கோவில்பட்டிக்காரன்

ஸ்பேனர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நான் தீயணைப்பை ஒரு வரி சொல்லிவிட்டு மண்ணுக்கு வருகிறேன். ஒட்டிக் கட்டும் நான்கு பாக்ஸுக்கும் நடுவில் தீச்சுவர் இல்லாவிட்டால் 40,000 சதுர அடியும் ஒரே கட்டடம். தீத்தடுப்புப் பூச்சில்லாத இரும்புச் சட்டத்துக்கு 12,000 சதுர அடி தாண்டினாலே என்.எஃப்.பி.ஏ. 409 என்ற ஹேங்கர் தீப்பாதுகாப்பு விதியில் மேல் வகுப்பு. 2022 பதிப்பில் தீயணைக்கும் நுரை வைக்கும் கட்டாயத்தைத் தளர்த்தியிருக்கிறார்கள், ஆனால் உங்கள் ஊர் எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்பது முக்கியம். ஃபயர் மார்ஷலை இப்போதே கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

மண். இதுதான் என் ஊர் விஷயம். டாலஸைச் சுற்றியிருப்பது பிளாக்லேண்ட் பிரெய்ரி, அதாவது கறுப்புக் களிமண். முதல் முறை இங்கே ஒரு குழியில் இறங்கி அந்த மண்ணைக் கையில் எடுத்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. நம் கரிசல்! வகைப்பாட்டிலும் இரண்டும் ஒன்றுதான், வெர்ட்டிசால். கோடையில் வெடிப்பு விடும், சின்ன வயசில் எங்கள் பருத்திக் காட்டில் அந்த வெடிப்பில் காலை விட்டுச் செருப்பைத் தொலைத்திருக்கிறேன். மழை பெய்தால் ஊதி, காலோடு அப்பிக்கொண்டு வரும். காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் வீங்கும், எவ்வளவு கான்கிரீட் ஊற்றினாலும் தூக்கிவிடும்.

வீட்டில் தரை அரை அங்குலம் தூக்கினால் ஒரு கதவு இறுகும். ஹேங்கரில் 42 அடிக் கதவு. ஒரு முனையில் தரை தூக்கினால் கதவின் அடிப்பட்டை நடுவில் தட்டும், ஒரு மூலையில் பகல் வெளிச்சம் தெரியும், மோட்டார் முனகும். சிட்டி கதவுக்காரரைக் கூப்பிடும், அவர் தரையைக் கைகாட்டுவார். இதை எத்தனை இடத்தில் பார்த்துவிட்டேன்.

செய்ய வேண்டியது: முதலில் மண் பரிசோதனை, ஆழமாக. தூண்களுக்குக் கீழே ஆடாத அடுக்கு வரை இறங்கும் கான்கிரீட் பியர். தரைக்கு அடியில் மேல்மண்ணோடு சுண்ணாம்பு கலந்து கெட்டிப்படுத்துவது. இங்கே வழக்கமாக 6 முதல் 8 சதவீதம் கலப்பார்கள், உங்கள் மண்ணுக்கு எவ்வளவு என்று ஆய்வகம் சொல்லட்டும். கூரைத் தண்ணீரைக் கட்டடத்தின் காலடியில் விடவே கூடாது, குழாய் வழியாகத் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் வறட்சி என்று இருந்தால்தான் தரை கோணும். சுவரோரமாக மரம் நட ஆசைப்படுவார்கள், வேண்டாம். வேர் ஒரு பக்கத்து ஈரத்தை உறிஞ்சிவிடும்.

மொத்தமாக 1 ஏக்கருக்கு மேல் மண்ணைக் கிளறினால் மழைநீர் அனுமதியும் வாங்க வேண்டும். டாக்ஸிலேனையும் சேர்த்தால் நீங்கள் நிச்சயம் தாண்டிவிடுவீர்கள்.

புதியவன்_திருச்சி

கூரை மட்டும் போட்டுச் சுவர் இல்லாமல் விட்டால் மலிவாக முடியாதா?

ஸ்பேனர்

முடியும் தம்பி, வெயில் கொளுத்தும் ஊர்களில் அப்படி நிறைய உண்டு. வெயிலில் பெயின்டும் ஜன்னல் பிளாஸ்டிக்கும் பாழாவதை அது நன்றாகத் தடுக்கும். நேராக விழும் ஆலங்கட்டிக்கும் போதும். டெக்சாஸில் ஆலங்கட்டி காற்றோடு சாய்ந்து வரும், அதுதான் சிக்கல். தவிர, காற்று கூரையை அடியிலிருந்து தூக்கப் பார்க்கும், தூண் அடித்தளத்துக்குச் செலவு கூடும். டி-ஹேங்கர் கிடைக்கும்வரை காத்திருப்பவர்களுக்கு ஒரு வரிசை அப்படிப் போடலாம் என்பது என் எண்ணம்.

நார்த்டெக்சாஸ்172

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

கன்சல்டன்ட்டுக்கு முன்கூட்டியே போன் போட்டேன். அண்ணாச்சி சொன்ன மாதிரியே அவரே திருத்திய வரைபடத்தோடு கூட்டத்துக்கு வந்தார். யாருக்கும் தலைகுனிவு இல்லை.

கிழக்குக் குடியிருப்பிலிருந்து பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஒரு பாட்டி, காலைப் பயிற்சி விமானங்கள் தன் வீட்டுக் கூரைக்கு நேர் மேலே திரும்புகின்றன என்று பேசினார். பறக்கும் பள்ளிக்காரர் எழுந்து, சர்க்யூட்டை, அதாவது ஓடுபாதையைச் சுற்றிவரும் வழியை, இன்னும் கொஞ்சம் தள்ளிப் பறக்கச் சொல்லித் தன் மாணவர்களைப் பழக்குகிறேன் என்றார். ஹேங்கர் பேச்சோடு சேர்ந்து இதுவும் நடந்தது.

கதவுச் சோதனையில் ஆறு அறைகளில் விமானமே இல்லை. மூன்று பேர் தாங்களாகவே காலி செய்துவிட்டார்கள், மீதிப் பேருக்கு 60 நாள் நோட்டீஸ். பட்டியல் 61இலிருந்து 34ஆகிவிட்டது. எங்கள் முறை நிறையவே முன்னால் வந்திருக்கிறது, ஆனால் நான் அந்த ஓட்டில் கலந்துகொள்ளவில்லை.

குழுவின் பரிந்துரை: இந்த வருஷம் டாக்ஸிலேன், வடிகால், மின்சாரம், இரண்டாவது தொட்டிக்கான இடம். அடுத்து சிட்டி காசில் 42 அடிக் கதவோடு இரண்டு வரிசை டி-ஹேங்கர், முனையில் பழுதுக்கூடம். பாக்ஸ் இரண்டாகக் குறைந்து, பின்னால் தள்ளி, தனித்தனியாக, 30 வருஷக் குத்தகையில். அதற்கு மட்டும் தனி டாக்ஸிலேன் 110 அடியில். கவுன்சில் அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளும். தனியார் தரப்பு 30 வருஷத்துக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அதைப் பற்றிக் கணக்குப்பிள்ளை சாரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

அண்ணாச்சி, மண் பரிசோதனை நேற்று தொடங்கியது. துளைக்கும் வண்டி வந்தது, நானும் போய் நின்றேன். குழாயிலிருந்து மண்ணை நீளமாக உருவி எடுத்துத் தட்டில் வைத்தார்கள். மேலே சாம்பல் கலந்த கறுப்பு, கீழே போகப் போக மினுமினுப்பு. ஒரு துண்டை விரலில் தேய்த்தேன், சோப்பு மாதிரி வழுக்கியது. நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது.

கோவில்பட்டிக்காரன்

அந்த மினுமினுப்பு, மண் உள்ளுக்குள் உரசி உரசி வழுக்கிய தடம். நம் கரிசலிலும் இருக்கும். ஆகஸ்டில் எடுத்தது நல்லது, காய்ந்த மண்தான் எவ்வளவு வீங்கும் என்று உண்மையைச் சொல்லும். எத்தனை துளை போட்டார்கள், எவ்வளவு ஆழம்? பாக்ஸ் வரப்போகும் இடத்திலும் போட்டார்களா, இல்லை டி-ஹேங்கர் பக்கம் மட்டுமா? வண்டி ஊரில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நார்த்டெக்சாஸ்172

டி-ஹேங்கர் பக்கம் மட்டும்தான் அண்ணாச்சி. வண்டி வெள்ளிக்கிழமை வரை இருக்கும். இப்போதே சிட்டி இன்ஜினியருக்குப் போன் போடுகிறேன்.